பேற்றறையின் முதல் நிமிஷம்

தாமிரவருணிக் கரையில் வீட்டிலேயே பிள்ளை பெறும் வழக்கம் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. 2019-21 ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி, தமிழ்நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்கு 99-க்கு மேற்பட்டவை ஆஸ்பத்திரிகளிலேயே நடந்தேறின. அன்னியர் ஆண்ட காலத்தில், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்நாட்டில் பிறந்த 1,000 சிசுக்களில் ஏறக்குறைய 200 ஓராண்டு நிறையுமுன் மாண்டன. 2020-ல் அத்தொகை தேச முழுவதற்கும் 28, தமிழ்நாட்டிற்கு 13. சுயராஜ்யத்தின் மெய்யான பயன்களுள் இதுவும் ஒன்றென்று சொல்ல நாம் கூசவில்லை. ஆயினும் அந்தப் 13-ல் 9 சிசுக்கள் பிறந்து 28 நாட்களுக்குள்ளேயே இறந்தன. கர்ப்பிணியை ஆஸ்பத்திரி வாசல் வரையில் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம். உள்ளே நடப்பது என்ன என்பதே இனி நாம் கேட்க வேண்டிய கேள்வி.

பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்கு மூச்சுத் தொடங்க யாதேனும் ஓர் உதவி வேண்டியிருக்கிறது. அநேக குழந்தைகளுக்கு உலர்ந்த துணியால் துடைத்து முதுகைத் தேய்த்தாலே போதும். சிலவற்றிற்குக் கைப்பையும் முகமூடியும் கொண்டு காற்றூத வேண்டும். இதற்குப் பெரிய யந்திரம் எதுவும் தேவையில்லை. ஆனால் முதல் நிமிஷத்திலேயே செய்தாக வேண்டும். அந்த நிமிஷம் தவறினால் குழந்தை இறக்கலாம். அல்லது பிழைத்தும் மூளை பழுதுற்று, வலிப்போடும் முடங்கிய கைகால்களோடும் வாழ நேரலாம். இறந்த சிசு அரசாங்கக் கணக்கில் ஓர் எண்ணாகவேனும் பதிவாகிறது. பழுதுற்றுப் பிழைத்ததையோ அதன் தாயைத் தவிர வேறு எவரும் கணக்கில் வைப்பதில்லை.

பின்னர் வைத்தியம் செய்து சரிப்படுத்திக் கொள்ளலாமே என்பார் உளர். செல்வ நாடுகளில் இத்தகைய சிசுவின் உடலை 72 மணி நேரம் குளிர்வித்து மூளையைக் காக்கும் முறை பலன் தந்திருக்கிறது. அதே முறையைச் சென்னை உள்பட இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய நாடுகளின் 7 ஆஸ்பத்திரிகளில் 408 சிசுக்களிடம் பரீட்சித்தார்கள். 2021-ல் வெளியான முடிவு நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. குளிர்விக்கப்பட்டவற்றில் நூற்றுக்கு 42 இறந்தன; குளிர்விக்கப்படாதவற்றில் 31. ஆகவே மேல்நாட்டு யந்திரத்தை விலைக்கு வாங்கி வைத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்றிருக்க இடமில்லை. காயம் நேராமல் தடுப்பதே நமக்குள்ள வழி.

தடுப்பது கைகளின் வேலை. பிரசவ வேதனையின்போது சிசுவின் இதயத் துடிப்பைக் குறித்த நேரந்தோறும் கேட்டு, வேதனையின் முன்னேற்றத்தை வரைபடத்தில் அப்போதைக்கப்போது குறிக்க வேண்டும். எல்லாம் முடிந்த பின் உட்கார்ந்து நிரப்பும் வரைபடம் வெறும் காகிதமே. வேதனையைத் துரிதப்படுத்தும் ஊசியைக் காவலின்றிப் போடுதல், வயிற்றை அமுக்கிப் பிள்ளையைத் தள்ளுதல் ஆகிய இரண்டும் தீங்கானவை. குழந்தையின் தோள் சிக்கிக்கொண்டால் தலையைப் பிடித்து இழுப்பதனால் கழுத்து நரம்புகள் அறுந்து கை விளங்காமற் போகும். தாயின் தொடைகளை வயிற்றோடு மடக்கிப் பிடித்தால் பல சமயங்களில் தோள் தானே விடுபடும். அதற்குச் செலவொன்றுமில்லை; இன்னும் ஒருவர் அருகில் இருக்க வேண்டும், அவ்வளவே. நள்ளிரவில் ஒற்றைச் செவிலியாக நிற்பவள் தாயைத் தாங்குவாளா, சிசுவிற்கு மூச்சூதுவாளா? தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்ட செவிலியர் பன்முறை வீதிக்கு வந்து கேட்ட நியாயத்தை, ஊதியத் தகராறு என்று மட்டும் எண்ணியவர்கள் இதைச் சிந்திப்பார்களாக.

ஆயுதப் பிரசவம் பெருகிவிட்டதே, அதனால் ஆபத்து நீங்கவில்லையா எனலாம். மேற்கூறிய கணக்கின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 கத்தியால் நடந்தவை. தனியார் ஆஸ்பத்திரிகளில் 64. தக்க தருணத்தில் கத்தி உயிர் காக்கும் என்பதை நாம் மறுக்கவில்லை. பொறுமையோடு காத்திருந்து கவனிக்க ஆளில்லாத இடத்தில் அதுவே எளிய வழியாகிவிடுவதைத்தான் மறுக்கிறோம்.

நம் ஜில்லாவிற்குரிய இடர்கள் சில உண்டு. காரையாறு அணைக்கு மேலே இஞ்சிக்குழியில் வாழும் காணிக்காரப் பெண் வேதனை கண்ட பின் புறப்பட்டால், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி அவளுக்கு எட்டாத தூரம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருவெள்ளத்தில் மலையேறாத ஊர்களும் தீவுகளாயின. நாள் நெருங்குமுன்னரே கர்ப்பிணி வந்து தங்குவதற்கு அம்பாசமுத்திரத்தில் ஓர் இல்லம் வேண்டும். மழைக்காலத்தில் நதியோரக் கிராமங்களின் கர்ப்பிணிகளைப் பெயர்வாரியாக அறிந்து, முன்கூட்டியே மேட்டு நிலத்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்ப வேண்டும். முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் நாள் முழுதும் குனிந்து பீடி சுற்றும் பெண்ணின் இரத்தச் சோகையைக் கண்டறிந்து தீர்ப்பதும் இதே வேலையின் பகுதிதான். தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு அச்சோகை இருப்பதாக அக்கணக்கே கூறுகிறது. தலைப்பிரசவத்திற்குப் பெண்ணைத் தாய்வீட்டிற்கு அழைத்துவரும் நல்வழக்கம் நம்முடையது. சீர்வரிசைத் தட்டுகளை எண்ணிப் பார்ப்பவர்கள், அவளுடைய பரிசோதனைச் சீட்டு உடன் வந்ததா என்றும் பார்க்கலாம்.

தேச ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. கிராம சபையில் சாலையையும் குழாயையும் பற்றிப் பேசுவதோடு நில்லாதீர்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவுப் பிரசவத்தின்போது எத்தனை செவிலியர் இருக்கின்றனர், மூச்சூதும் பை பழுதில்லாமல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, அதைக் கடைசியாக எப்போது பயின்று பார்த்தார்கள் என்று கேளுங்கள். மூச்சடைத்துப் பிறந்த ஒவ்வொரு சிசுவைக் குறித்தும் விசாரணை நடத்தி, காரணத்தை ஊர்ப்பெயரின்றி மூன்று மாதத்திற்கொரு முறை வெளியிடுமாறு சர்க்காரை நாம் கேட்கிறோம். அவ்விசாரணை செவிலியைத் தண்டிப்பதற்காக இருக்கலாகாது. தண்டனைக்கு அஞ்சுபவர் உண்மையை எழுதமாட்டார்.