கக்கூஸ் சாவி யார் கையில்?

இந்தத் தலையங்கம் கக்கூஸ் பற்றியது. அச்சுக்குப் போகும்முன் படித்த நண்பர் ஒருவர் 'வேற விசயமே கெடைக்கலியா?' என்றார். கெடைக்கல தோழர். சாதி ஒழிப்பு பற்றி மூன்று மணிநேரம் மேடையில் முழங்குகிறோம். கூட்டம் கலைந்து பஸ் ஏறுகிறவரைக்கும் நம் பெண் தோழர்கள் எங்கே போய் ஒதுங்கினார்கள் என்று யாராவது ஒருநாள் கேட்டதுண்டா? காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதாவது தெரியுமா? நாம் கேட்காமல் விட்ட விசயம் என்பதாலேயே இதை எழுத வேண்டியிருக்கிறது.

ஏற்காட்டுக்கு வாருங்கள். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. ஏறி வருகிறவனுக்கு வயிற்றைப் புரட்டும், அடிவயிறும் முட்டும். ஏரியைப் பார்த்து, லேடீஸ் சீட் பார்த்து, கடைசியில் கிளியூர் அருவிக்கு இறங்குகிறார்கள். வழியெல்லாம் கடைகள். டீ, மிளகாய் பஜ்ஜி, சுட்ட சோளம், மிளகு, காப்பிக்கொட்டை. எல்லாம் விற்கிறார்கள். தின்ன வைக்கிறார்கள், குடிக்க வைக்கிறார்கள். குடித்தது எங்கே போகும் என்பதுபற்றி மட்டும் எவருக்கும் கவலை இல்லை. ஆண்களுக்குச் சிக்கலில்லை, இந்த நாட்டின் சுவரெல்லாம் ஆண்களுக்காகக் கட்டப்பட்டவைதான். பெண்கள்தான் கடை கடையாகக் கேட்கிறார்கள். 'இங்க இல்லீங்க, மேல போங்க' என்கிறான் ஒருவன். மேலே இருப்பவன் 'கீழ போங்க' என்கிறான். அப்புறம் சில்வர் ஓக் மரத்து மறைவுதான், காப்பிச்செடிப் புதர்தான். கிளியூர் அருவியில் விழுவது ஏரியின் உபரித் தண்ணீரும் சுற்றிலும் உள்ள சரிவுகளிலிருந்து இறங்குகிற தண்ணீரும். கடைக்காரன் திறக்காத கதவு மழைக்காலத்தில் அருவியாக வந்து எல்லார் தலையிலும் விழுகிறது. இதில் மட்டும் சாதி வித்தியாசம் இல்லை.

ஆனால் சுற்றுலா வந்தவர்களைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படப் போவதில்லை. அவர்களுக்குக் காராவது இருக்கிறது, ஓட்டலில் அறையாவது இருக்கிறது. எஸ்டேட் லைன் வீட்டிலிருந்தும் மலைக்கிராமத்திலிருந்தும் பாங்கிக்கும், ரேஷனுக்கும், தாலுகா ஆபீசுக்கும், ஆஸ்பத்திரிக்கும் வருகிறார்களே, அந்தச் சனம் எங்கே போகிறது? மலையாளிப் பழங்குடிப் பெண்களும் தோட்டத்தில் கூலி செய்யும் நம் சேரிப் பெண்களும் ஒரு டீயும் ஒரு பன்னும் வாங்குகிற வாடிக்கையாளர்கள். அதுவும் கடைக்கு வெளியே நின்று. இவர்களிடம் எந்தக் கடைக்காரன் சாவியை எடுத்து நீட்டுகிறான்?

'கழிவறை வாடிக்கையாளர்களுக்கு மட்டும்' என்று பலகை தொங்குகிறது. நியாயமான பேச்சு மாதிரித்தான் தெரியும். அவன் இடம், அவன் தண்ணீர், அவன் கட்டிய தொட்டி. ஆனால் வாடிக்கையாளர் யார் என்று தீர்மானிப்பது எது? பில்லா? இல்லை, முகம். அதே பத்து ரூபாய்க்குத் தண்ணீர் பாட்டில் வாங்கின கூலிங்கிளாஸ் அம்மாவுக்கு 'உள்ள லெப்ட்ல போங்க மேடம்'. கொண்டையில் துண்டு கட்டிய அம்மாவுக்கு 'ரிப்பேரும்மா'. எந்தச் சட்டப்புத்தகத்தைப் புரட்டினாலும் இந்த 'ரிப்பேர்' குற்றமாக வராது. இரட்டைக் குவளை வைத்தவனாவது இரண்டு கிளாசைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மாட்டி வைத்திருந்தான். நாம் போய் உடைத்தோம். இந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பது கண்ணுக்குத் தெரியாத இரண்டாம் குவளை. எதை உடைப்பது?

சட்டம் இருக்கிறது, இல்லாமலில்லை. அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு சாதியைக் காரணம் காட்டிக் கடையிலோ உணவகத்திலோ நுழைவதைத் தடுக்கக் கூடாது என்கிறது. 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டமாக வந்து 1976-இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியதே, அதன் 4-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஆறு, ஓடை, கிணறு, குளம், தண்ணீர்க்குழாய், படித்துறை, சுடுகாடு என்று அடுக்கிக்கொண்டு போகும்போதே கழிப்பிடத்தையும் பேர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். 1927-இல் மகாடில் அண்ணல் அள்ளிக் குடித்த சவுதார் குளத்துத் தண்ணீரும் மூத்திரம் போகிற இடமும் ஒரே வரிசையில். எழுதியவர்களுக்கு நிலைமை தெரிந்திருந்தது. ஆனால் அந்தப் பிரிவுக்குள் ஒரு முடிச்சு உண்டு. மற்றவர்களுக்கு உரிமையுள்ள இடத்தை உனக்கு மறுத்தால்தான் குற்றம். யாருக்குமே உரிமை இல்லாத இடமென்றால்? கடைக்குள் இருக்கும் கக்கூஸ் யாருக்கும் உரிமையில்லாதது; முதலாளி மனசு வைத்தால் கிடைப்பது. தயவு இருக்கிற இடத்தில் சாதி சாவகாசமாகக் கால் நீட்டி உட்கார்ந்துகொள்ளும். ஆகவே எனக்கு உன் தயவு வேண்டாம், எல்லாருக்கும் பொதுவான விதி வேண்டும் என்றுதான் நாம் கேட்க முடியும்.

இது உலகத்தில் எங்கும் பேசாத பேச்சும் அல்ல. 2018 ஏப்ரலில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில், ஸ்டார்பக்ஸ் காப்பிக்கடையில் நண்பருக்காகக் காத்திருந்தார்கள் இரண்டு கறுப்பின இளைஞர்கள். ஒருவர் கழிவறை கேட்டார். எதுவும் வாங்கவில்லையே என்று மறுத்தார்கள். போலீசைக் கூப்பிட்டு விலங்கு மாட்டிக் கொண்டுபோனார்கள். ஊர் கொதித்தது. அடுத்த மாதமே அந்தக் கம்பெனி, வாங்கினாலும் வாங்காவிட்டாலும் உட்காரலாம், கழிவறை போகலாம் என்று அறிவித்தது. 2025 ஜனவரியில் அதே கம்பெனி அந்த அறிவிப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டது. முதலாளியின் தயவுக்கு ஏழு வருசம்கூட ஆயுசு இல்லை.

நம் பக்கம் பாருங்கள். 2017 ஏப்ரல் முதல் ஓட்டல்களும் உணவகங்களும் பொதுமக்களுக்குக் கழிவறையைத் திறக்க வேண்டும், ஐந்து ரூபாய் வரை வாங்கிக்கொள்ளலாம் என்றது அப்போதிருந்த தெற்கு தில்லி மாநகராட்சி. ஓட்டல்காரர்கள் கூச்சல் போட்டார்கள். கேரளத்தில் பெட்ரோல் பங்க் முதலாளிகள் கோர்ட்டுக்கே போனார்கள். அவை வாடிக்கையாளருக்கானவை, பொதுக் கழிப்பிடமாகத் திறந்துவிடச் சொல்லி நிர்ப்பந்திக்கக் கூடாது என்று 2025 ஜூனில் உயர்நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. சில மாதங்களிலேயே, தேசிய நெடுஞ்சாலை ஓரத்து பங்குகள் வழிப்போக்கர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்று அது மாற்றப்பட்டது. அதே 2025-இன் ஜனவரியில் உச்சநீதிமன்றம் எல்லா நீதிமன்ற வளாகங்களிலும் பெண்கள், ஆண்கள், ஊனமுற்றோர், திருநங்கையர் எல்லாருக்கும் கழிவறை கட்டச் சொன்னபோது, உயிர்வாழும் உரிமையோடு சேர்த்துத்தான் அதைப் பேசியது. நீதிபதிகளுக்கே 75 வருசம் கழித்துத்தான் மூத்திரம் ஞாபகத்துக்கு வந்திருக்கிறது. போகட்டும், வந்ததே.

கடைக்காரர்கள் சொல்கிற ஒரு வாதத்தை மட்டும் நான் தள்ளிவிட மாட்டேன். 'தொறந்துவிட்டா நாறிப்போகுதுங்க, யாரு கழுவுறது?' என்கிறார்கள். உண்மையான கேள்வி. அவர்கள் வேறு அர்த்தத்தில் கேட்கிறார்கள், நாம் வேறு அர்த்தத்தில் கேட்க வேண்டும். யார் கழுவுவது? சேலம் மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குப் பதிலை யாரும் யோசிப்பதே இல்லை. பதில் பிறப்பிலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அருந்ததியர் வீட்டிலிருந்து ஒரு அம்மா வருவார். கையுறை கிடையாது. ஒரு வாளி, ஒரு தென்னந்துடைப்பம், ஒரு பாட்டில் ஆசிட். மாசம் முடிந்தால் ஏதோ கையில் வைப்பார்கள். கிளியூரைப் போன்ற மலைச்சரிவில் பாதாளச் சாக்கடை எங்கே இருக்கிறது? எல்லாம் செப்டிக் டேங்க். தொட்டி நிரம்பினால் லாரி வர வேண்டும். லாரி ஏற முடியாத சந்தென்றால்? 2013-இன் சட்டம் மனிதனைத் தொட்டிக்குள் இறக்குவதைத் தடை செய்கிறது. உள்ளே செத்தால் 10 லட்சம் கொடு என்று 2014-இல் சொன்ன உச்சநீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. விலை ஏறியிருக்கிறது, சாவு நிற்கவில்லை. அப்படிச் செத்தவர்கள் பட்டியலில் பெரியார் மண் என்று பெருமை பேசுகிற நம் மாநிலம் முன்வரிசையில் நிற்கிறது. திவ்யபாரதி 2017-இல் 'கக்கூஸ்' படம் எடுத்தபோது அதைத் திரையிட விடாமல் போலீஸ் எத்தனை ஊரில் ஓடிவந்தது! தொட்டிக்குள் ஆள் இறங்குகிற இடத்துக்கு அந்த வேகத்தில் போலீஸ் ஓடிப்போய் நான் பார்த்ததில்லை.

ஆகவே கதவைத் திற என்று மட்டும் கத்தினால், அந்தக் கோரிக்கையின் பாரம் முழுக்க நம் அம்மாக்களின் முதுகில்தான் இறங்கும். நடுத்தர வர்க்கத்துப் பெண்ணுக்குச் சுத்தமான கழிவறை, அதைச் சுத்தமாக்க அருந்ததியர் பெண். பல நகரங்களில் நடந்திருக்கிற 'தூய்மை'ப் புரட்சி இதுதான். 2019 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் பாவ்கேடி கிராமத்தில் வெளியே உட்கார்ந்ததற்காக இரண்டு தலித் குழந்தைகளை அடித்தே கொன்றார்கள். ஒரு வாரத்தில், அக்டோபர் 2 அன்று, இந்தியக் கிராமங்களில் இனி எவரும் வெளியே போவதில்லை என்று மேடை போட்டு அறிவித்தார்கள்.

என் பிழைப்பு பாங்கி எழுத்தர் வேலை. முன்பு இருந்த ஒரு கிளையில் கழிவறைச் சாவி மேலாளர் மேசை இழுப்பறையில் இருக்கும். முதியோர் உதவித்தொகை நாள். கூலி வேலையில் ரேகை தேய்ந்துபோன விரல்கள், மிசின் ஏற்காது, திரும்பத் திரும்ப வைப்பார்கள். நாலு மணிநேரமாக நின்ற கிழவி ஒருத்தி கவுண்டருக்கு வந்து 'சாமி, ஒண்ணுக்குப் போவோணும்' என்றாள். சாவியை எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் எனக்குப் 'பாதுகாப்பு' பற்றி அரைமணிநேரம் வகுப்பு நடந்தது. லாக்கர் இருக்கிற கட்டடமாம். எழுபது வயசுக் கிழவி மூத்திரம் போகிற சாக்கில் லாக்கரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாளாம். நான் சொல்ல வந்தது அதுகூட இல்லை. தினமும் அந்தக் கக்கூசைக் கழுவுகிற பெண் அதில் ஒருநாளும் போனதில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போவார். ஏன் என்று கேட்டேன். 'கழுவத்தான் சாவி குடுக்கறாங்க, போறதுக்கா குடுக்கறாங்க' என்றார்.

இதனால்தான் எனக்குக் கோழிக்கோடு முக்கியமாகப் படுகிறது. அங்கே மிட்டாய்த் தெருவில் ஜவுளிக்கடைப் பெண்கள் நாள் முழுக்க நிற்க வேண்டும், கக்கூஸ் கிடையாது. தண்ணீர் குடிக்காதே என்பதுதான் முதலாளிகள் சொன்ன வழி. தையல்காரப் பெண் பி. விஜி 2009-இல் 'பெண்கூட்டு' என்று சங்கம் தொடங்கினார். முதல் கோரிக்கையே மூத்திரப்புரை. அந்தப் போராட்டம் வளர்ந்து உட்காரும் உரிமையாகி, 2018-இல் கேரளம் சட்டம் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடும் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி இருக்கை கட்டாயம் என்றது. அவர்கள் வாடிக்கையாளரிடமிருந்து ஆரம்பிக்கவில்லை. வேலை செய்கிறவளிடமிருந்து ஆரம்பித்தார்கள். எஸ்டேட்டுகளுக்கு 1951-இலேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் ஆண், பெண் இருவருக்கும் தனித்தனிக் கழிப்பிடம் என்று எழுதி வைத்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டமே புதிய தொகுப்புச் சட்டத்துக்குள் கரைந்துவிட்டது. காப்பி பறிக்கிற அம்மாவைக் கேளுங்கள், எழுபது வருசத்தில் எந்தக் கழிப்பிடத்தைப் பார்த்தாள் என்று. செடி மறைவைக் கை காட்டுவாள்.

என் தரப்பு இதுதான். உட்கார வைத்துச் சோறு போடுகிற கடை, டீ விற்கிற கடை, பெட்ரோல் பங்க், பாங்கி எல்லாம் திறக்கத்தான் வேண்டும். பில் கேட்கக் கூடாது. முதல் சாவி கழுவுகிறவருக்கும் கடையில் வேலை செய்கிறவருக்கும். கழுவுகிற வேலைக்கு ஊராட்சி ஒன்றியம் பணம் கொடுக்கட்டும். சட்டப்படியான கூலி, கையுறை, பூட்ஸ், பீ.எப். உட்பட. தொட்டிக்கு லாரி, மனிதன் அல்ல. ஜெர்மனியில் ஆலன் என்ற சிறு ஊரில் தொடங்கிப் பல ஊர்களுக்குப் பரவிய ஏற்பாடு ஒன்று உண்டு. கடைக்காரர் கதவைத் திறந்து வைக்கிறார், வாசலில் ஒட்டுப்படம் ஒட்டுகிறார். நகராட்சி அவருக்கு மாசாமாசம் தொகை தருகிறது. புதிதாகக் கட்டிப் பூட்டி வைப்பதைவிடச் செலவு குறைவு. கோடை விழாவுக்குப் பூவால் பொம்மை செய்ய முடிகிற நிர்வாகத்துக்கு இது முடியாததல்ல. கழுவுகிற வேலை ஒரே சாதிக்குப் போகக் கூடாது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். இதைச் சொன்னால் நம் இயக்கத்துக்குள்ளேயே சிலர் நெளிவார்கள். நெளியட்டும். பறையர், பள்ளர் வீட்டுப் பையன்கள் எத்தனை பேர் அந்த வாளியைத் தொட்டிருக்கிறோம்?

மே மாதம் விழாக் கூட்டம் ஏறும்முன் சேலம், ஏற்காடு பக்கத்து மாணவத் தோழர்கள் ஒரு வேலை செய்ய வேண்டும். ஏரிக்கரையிலிருந்து கிளியூர் அருவி இறக்கம் வரைக்கும் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்குங்கள். கக்கூஸ் இருக்கிறதா, யாருக்குத் திறக்கிறார்கள், யார் கழுவுகிறார், என்ன கூலி, தொட்டியைக் கடைசியாக எப்போது யார் எடுத்தார், இந்த ஐந்தையும் நோட்டில் எழுதுங்கள். ஆணும் பெண்ணுமாகத் தனித்தனியே போய்க் கேளுங்கள். நல்ல சட்டை போட்டு ஒருமுறை, போடாமல் ஒருமுறை. பதில் மாறுகிறதா என்று பார்த்து அதையும் எழுதுங்கள். கழுவுகிறவர்கள் பெயரையும் கடையின் பெயரையும் நோட்டில் எழுத வேண்டாம், அவர்கள் வேலைக்கு உலை வைத்துவிடும். அடுத்த இதழில் நாலு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.