சொல்லத் தெரியாத நோயாளி



மாதந்தோறும் இப்பகுதியில் மார்க்கச் சட்டங்களையும் குடும்ப நடப்புகளையும் பற்றி உங்களோடு உரையாடி வருகின்றேன். இம்மாதம் ஒரு முயலைப் பற்றி எழுதப் போகிறேன் என்றால் சிலர் புன்னகைக்கக் கூடும். படித்து முடித்த பின் அந்தப் புன்னகை சிந்தனையாக மாறுமாயின், அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும்.

மூன்றாண்டுகளுக்கு முன் என் இளைய மகளின் பிடிவாதத்திற்கு இணங்கிச் சந்தையிலிருந்து ஒரு வெள்ளை முயற்குட்டி வாங்கி வந்தேன். அவள் அதற்குப் ‘பஞ்சு’ என்று பெயரிட்டாள். பின்கட்டுத் தாழ்வாரத்தில் கம்பிக் கூண்டு வைத்தோம். கொல்லையில் அகத்தியும் முருங்கையும் இருந்தன. தழைக்குக் குறைவில்லை. காலையில் ஒரு கிண்ணம் தண்ணீர். இவ்வளவு கொடுத்தால் கடமை முடிந்தது என்று நான் எண்ணியிருந்தேன்.

சென்ற ஆண்டுக் கோடையில், ஒருநாள் மகரிப் தொழுதுவிட்டு வீடு திரும்பிய என்னிடம் மகள் ஓடி வந்தாள்.

“வாப்பா, பஞ்சு முதுகைக் கூனிக்கொண்டு மூலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. பல்லை நறநறவென்று கடிக்கிறது. ஒன்றுக்குப் போக முக்கி முக்கிப் பார்க்கிறது.”

“வெயில் தாங்காமல் இருக்கும் மகளே, நாளை சரியாகிவிடும்” என்று சொல்லிவிட்டு நான் என் வேலையைப் பார்க்கப் போனேன். மறுநாளும் அவள் அதையே சொன்னாள். நானும் அதையே சொன்னேன். கூண்டின் அடித்தட்டில் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றியது போல் வெள்ளையாக ஏதோ காய்ந்து கிடக்கிறது, தேய்த்தாலும் போக மறுக்கிறது என்று என் துணைவியார் சொன்னதையும் நான் காதில் வாங்கவில்லை. செய்தியறிந்த அண்டை வீட்டுப் பெரியவர், “ஹலாலான பிராணிதானே உஸ்தாத்! செத்துப் போகுமுன் பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்துவிடுங்கள்” என்றார். மகள் அழுதுகொண்டே உள்ளே ஓடிவிட்டாள்.

மாணவன் கேட்ட கேள்வி

மூன்றாம் நாள் காலை மத்ரஸாவில், நேயர்கள் பலரும் அறிந்த ஹதீஸ் ஒன்றைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு பெண் பூனையொன்றைக் கட்டிப்போட்டாள். உணவும் அளிக்கவில்லை, தானே இரை தேடித் தின்னட்டும் என்று அவிழ்த்து விடவுமில்லை. அது பசியால் மாண்டது. அதனால் அவள் நரக வேதனைக்கு ஆளானாள் என்று கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி அது. புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது.

பாடம் முடியும் தறுவாயில் ஒரு சிறுவன் எழுந்து, “உஸ்தாத், தெருவில் எத்தனையோ பூனைகள் பட்டினி கிடக்கின்றனவே! அவற்றுக்காக நம்மைப் பிடிக்காமல், அந்தப் பெண்ணை மட்டும் ஏன் பிடிக்க வேண்டும்?” என்று கேட்டான்.

“அவள்தானே அப்பா கட்டிப்போட்டாள்! கட்டியவர் மீதுதான் பொறுப்பு” என்று விடை சொன்னேன். சொன்ன மாத்திரத்தில் என் வீட்டுக் கம்பிக் கூண்டு கண்முன் வந்து நின்றது. காட்டிலுள்ள முயல் தன் நீரையும் புல்லையும் தானே தேடிக்கொள்ளும். கூண்டிலுள்ள முயல் நான் கொடுத்ததை மட்டுமே உண்ண முடியும். அதன் நோயையும் நான் கவனித்தால்தான் உண்டு. பாடத்தை அத்துடன் முடித்துக்கொண்டு, அனுமதி பெற்று வீடு வந்தேன். அன்று பகலே முயலைத் துணி விரித்த கூடையில் வைத்து, மாவட்டத் தலைநகரிலுள்ள கால்நடை மருத்துவமனைக்குப் பேருந்தில் கொண்டு சென்றேன். மகள் கூடையை மடியிலிருந்து இறக்கவேயில்லை.

மருத்துவர் விளக்கியது

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மருத்துவர், சிறுநீர்ப்பை முழுவதும் வெண்ணிறச் சேறு படிந்திருப்பதைக் காட்டினார். கல்லாக இறுகவில்லை, இறுகியிருந்தால் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சைதான் வழி என்றார். வலி தணிக்க ஊசி போட்டு, தோலுக்கடியில் உப்புநீர் செலுத்தி, பின்னர் மயக்க மருந்து கொடுத்துக் குழாய் வழியே சிறுநீர்ப்பையைக் கழுவினார். அதற்குப் பின் அவர் கூறிய விளக்கத்தை வாசகர்களும் அறிந்துகொள்வது நல்லது.

மனிதனும் பெரும்பாலான பாலூட்டிகளும் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தில் உடலுக்குத் தேவையான அளவையே குடலில் உறிஞ்சிக்கொள்கின்றன. முயலின் அமைப்பு வேறு. உணவில் எவ்வளவு சுண்ணாம்புச் சத்து இருக்கிறதோ அதற்கேற்ப அதன் குடல் உறிஞ்சிக்கொள்ளும். மிகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றும். பிற பாலூட்டிகளில் சிறுநீர் வழியே வெளியேறும் சுண்ணாம்புச் சத்து நூற்றுக்கு 2 பங்கிற்கும் குறைவு. முயலிலோ 45 முதல் 60 பங்கு வரை. ஆகவே முயலின் சிறுநீர் சற்றுக் கலங்கலாக இருப்பது இயல்பே. ஆனால் உணவில் சுண்ணாம்பு மிகுந்து, குடிக்கும் நீர் குறைந்து, கூண்டிலேயே அசையாமல் கிடந்து உடலும் பருத்துவிட்டால், அந்த உப்பு வெளியேறாமல் அடியில் படிகிறது. முதலில் மணலாக, பின் சேறாக, முடிவில் கல்லாக ஆகிறது.

“என்ன தழை கொடுக்கிறீர்கள்?” என்று கேட்டார். அகத்தியும் முருங்கையும் என்றேன். அவர் தலையசைத்தார். தேசிய உணவூட்ட நிறுவனத்தின் நெடுங்கால அட்டவணைப்படி 100 கிராம் அகத்திக் கீரையில் ஏறத்தாழ 1,130 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது. முருங்கைக் கீரையில் 440 மில்லிகிராம். பிள்ளை பெற்ற தாய்க்கும் வளரும் குழந்தைக்கும் அருமருந்தான கீரையே, வளர்ந்த முயலுக்கு அன்றாட உணவானபோது நோயாகிவிட்டது. அன்பினால்தான் கொடுத்தோம். ஆயினும் அறிவில்லாத அன்பும் துன்பம் தரும் என்பதை அன்று கண்டேன்.

வளர்ப்போர் கவனிக்க வேண்டியவை

வீட்டில் முயல் வளர்க்கும் நேயர்களுக்காக, நான் கற்றுக்கொண்டவற்றைச் சுருக்கித் தருகின்றேன்.

முயலின் முதன்மை உணவு புல்லும் உலர்புல்லுமே. அருகம்புல் போன்றவற்றைப் பறித்து நிழலில் உலர்த்தி எந்நேரமும் கூண்டில் இருக்கச் செய்யுங்கள். வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டேயிருக்கும் அதன் பற்கள் தேய்வதற்கும், குடல் ஓயாமல் இயங்குவதற்கும் அந்த நார் தேவை. அகத்தி, முருங்கை, வேலிமசால், குதிரைமசால் ஆகியவற்றை நோயுற்ற முயலுக்கு நிறுத்திவிட வேண்டும். கடையில் விற்கும் குச்சித் தீவனத்தையும் மருத்துவர் சொல்லும் அளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது. அதற்காகச் சுண்ணாம்புச் சத்தை அறவே ஒழித்துவிடவும் கூடாது. எலும்புக்கும் பல்லுக்கும் அது வேண்டும். காரட்டைத் தின்பண்டமாகச் சிறு துண்டு கொடுத்தால் போதும்.

இந்நோய்க்குத் தண்ணீரே பாதி மருந்து. முயல் தன் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 50 முதல் 150 மில்லி லிட்டர் வரை நீர் அருந்தும். சொட்டுக் குழாயை விடக் கவிழாத கனமான கிண்ணத்தில் வைத்தால் அதிகம் குடிக்கும். பசுந்தழையைக் கழுவி, ஈரத்தை உதறாமல் கொடுப்பது நல்லது. ஒரு நாளில் சில மணி நேரமாவது வெளியே ஓடவிட வேண்டும். ஓடினால்தான் அடியில் படிவது கலைந்து வெளியேறும்.

பின்புறம் நனைந்திருந்தால் உடனே கவனியுங்கள். சிறுநீரில் ஊறிய தோல் புண்ணாகும். அந்த ஈரத்தில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்கு உலர்த்துங்கள். குளிப்பாட்ட வேண்டாம். வயிற்றை அழுத்திச் சிறுநீரை வெளியேற்ற நீங்களே முயலவும் வேண்டாம். அடைப்பு இருந்தால் சிறுநீர்ப்பை கிழிந்துவிடக் கூடும்.

சிறுநீர் சிவந்திருந்தால் அது இரத்தமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. தழையிலுள்ள நிறமிகளாலும் செம்மஞ்சள் நிறமாவதுண்டு. ஆயினும் பரிசோதித்து அறிவதே பாதுகாப்பு. குறிப்பாக வயதான பெண் முயல்களுக்குக் கருப்பையில் புற்று தோன்றுவது அதிகம். அந்த இரத்தமும் சிறுநீரோடு கலந்து வரும்.

வீட்டிலுள்ள மாத்திரையை ஒருபோதும் கொடுத்துவிடாதீர்கள். பென்சிலின், அமாக்சிசிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் முயலின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, உயிருக்கே ஆபத்தாகும். அரை நாளுக்கு மேல் முயல் ஒன்றும் தின்னாமல் இருந்தால், மறுநாள் பார்க்கலாம் என்று காத்திராமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

சுத்தம் பற்றிய ஐயம்

“தாழ்வாரம் முழுதும் ஈரமாக்குகிறதே, அங்கே தொழலாமா?” என்பது என் துணைவியாரின் கவலை. ஷாஃபிஈ மத்ஹபில் முயலின் சிறுநீர் நஜீஸ். பட்ட இடத்தைத் தண்ணீர் கொண்டு கழுவ வேண்டும். உண்ண அனுமதிக்கப்பட்ட பிராணியாதலால் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களிடத்தில் அது இலேசான நஜீஸ். சிறிதளவு பட்டால் மன்னிக்கப்படும். தரையில் காய்ந்த வெள்ளைப் படிவம் வெறும் தண்ணீருக்குப் போகாது. வினிகர் தெளித்துச் சற்று நேரம் கழித்துத் தேய்த்தால் கரைந்துவிடும். பிறகு தாராளமாகத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடலாம். தொழும் விரிப்பை முயல் வராத அறையில் வைத்துக்கொண்டால் கவலையே இல்லை. கொஞ்சம் ஏற்பாடு செய்துகொண்டால், சுத்தம் ஒரு பக்கமும் கருணை ஒரு பக்கமும் இழுக்க வேண்டியதில்லை.

பெரியவர் சொன்னது சரியா?

அண்டை வீட்டுப் பெரியவர் சொன்னதில் மார்க்கப் பிழை ஏதுமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அனஸ் (ரலி) அவர்கள் மர்ருழ் ழஹ்ரான் என்னுமிடத்தில் முயலொன்றை விரட்டிப் பிடித்து அபூ தல்ஹா (ரலி) அவர்களிடம் கொண்டுவர, அவர்கள் அதை அறுத்து, தொடைப் பகுதியை நபி (ஸல்) அவர்களுக்கு அனுப்பினார்கள், அண்ணலார் ஏற்றுக்கொண்டார்கள். புகாரி, முஸ்லிமில் உள்ள செய்தி இது. முயல் ஹலால்தான்.

அதே வேளையில், ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ கூறும் சட்டத்தையும் பாருங்கள். பிராணியின் உணவும் நீரும் உரிமையாளர் மீது கடமை. அவர் மறுத்தால், உண்ணத்தக்க பிராணியாயின் தீனி கொடு, அல்லது விற்றுவிடு, அல்லது அறுத்துவிடு என்று அவரைக் கட்டாயப்படுத்த வேண்டும். வாட விடுவதற்கு மட்டும் அதில் இடமில்லை. பெரியவர் அந்த மூன்றில் ஒன்றைச் சொன்னார். நானோ அம்மூன்றில் எதையும் செய்யாமல் இரண்டு நாள் வாட விட்டேன். குற்றம் யாரிடம் என்று நேயர்களே தீர்ப்புக் கூறுங்கள்.

அபூ உமைர் என்ற சிறுவர் வளர்த்த சிட்டுப் பறவை மாண்டபோது, அந்தச் சிறுவரிடமே அதைப் பற்றி வினவித் துக்கத்தில் பங்குகொண்டவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். ஒரு குழந்தையின் கண்ணீரை, அதுவும் ஒரு பறவைக்காக வடித்த கண்ணீரை, அவர்கள் சிறிதாக எண்ணவில்லை. என் மகள் இரண்டு நாள் அழுதாள். நான் மத்ரஸாவுக்கு நேரமாகிறதென்று சட்டையை மாட்டிக்கொண்டிருந்தேன்.

பஞ்சு பிழைத்துக்கொண்டது, அல்ஹம்துலில்லாஹ். முற்றும் குணமாகிவிட்டதென்று சொல்வதற்கில்லை. நான்கு மாதங்களுக்குப் பின் மீண்டும் சிறிது வெண்மை கண்டது. உடனே கவனித்ததால் எளிதில் தீர்ந்தது. இந்நோய் திரும்பத் திரும்ப வரக்கூடியது. எனவே பஜ்ரு தொழுகைக்குப் பின் கூண்டின் அடித்தட்டைப் பார்ப்பது இப்போது என் வேலை. தண்ணீர் மாற்றுவது மகளின் வேலை. காலைக்கும் மாலைக்கும் சுவரில் கரிக்கோடு இழுத்து அவள் கணக்கு வைத்திருக்கிறாள்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று பேருந்தில் அவள் கேட்டாள்: “வாப்பா, பஞ்சு செத்துப் போயிருந்தால் மறுமையில் அல்லாஹ் என்னைக் கேட்பானா?”

“உன்னைக் கேட்க மாட்டான் மகளே. நீ சொல்லிவிட்டாய். கேளாமல் இருந்தவன் நான்தான்” என்றேன்.

நேயர்களே! உங்கள் வீட்டிலும் கூண்டு இருக்கலாம், தொழுவம் இருக்கலாம், கயிற்றில் கட்டிய ஆடு இருக்கலாம். நோயைச் சொல்லத் தெரியாத அந்த ஜீவன்களுக்காகச் சில வேளை ஒரு குழந்தைதான் வந்து பேசும். அந்தக் குரலுக்கு முதல் நாளே செவி கொடுங்கள். அலட்சியத்தால் நாம் இழைத்த பிழைகளை வல்ல ரஹ்மான் மன்னித்து, அவன் படைப்புகள் அனைத்தின் மீதும் இரக்கம் கொள்ளும் நெஞ்சை நமக்கு அருள்வானாக! ஆமீன்.