தடித்த ஒயில் ஸ்பிரிங்கின் வேலையைச் செய்யாது



குளிர்காலம் முழுவதும் கொட்டகைகளில் போர்த்தி வைக்கப்பட்டிருந்த மோட்டார் சைக்கிள்கள் ஜேர்மனியெங்கும் மீண்டும் வீதிக்கு வரும் நாள்கள் இவை. கெவலார் மாதாவின் திருத்தலத்தில் நம் தமிழ் மக்கள் ஆண்டுதோறும் ஓகஸ்ட் மாதத்தில் திரள்வதை நீங்கள் அறிவீர்கள். அதே திருத்தலத்துக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களும் தனியாக யாத்திரை வருகிறார்கள். அதைக் கண்ட நம்மவர் சிலர் இப்போது நம் ஆலய முற்றத்துக்கும் வண்டியோடு வந்து ஆசீர் கேட்கிறார்கள். மனமுவந்து புனித நீர் தெளிக்கிறேன். ஆயினும் ஆசீர் கேட்பதற்கு முன் நாம் செய்ய வேண்டிய கடமை ஒன்று உண்டு. அதைப் பற்றியே இன்று எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் தந்தையும் மகனும் ஒரு பழைய வண்டியைக் கொண்டு வந்தனர். மகனைவிட வண்டிக்கு வயது அதிகம். முன் பிறேக்கைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பார்த்தேன். முன்பகுதி மெல்ல அமிழ்ந்து, ஏறக்குறைய அடிவரை சென்றது. "முன்னுக்கு நல்லாய் இளகிப் போச்சு, தம்பி" என்றேன். மகன் பேசுவதற்குள் தந்தை முந்திக்கொண்டார்: "பிரச்சினை இல்லை பாதர். போன கிழமைதான் தடிச்ச ஒயில் விட்டனாங்கள். வன்னியில நாங்கள் அப்படித்தானே ஓடினனாங்கள்!"

அவர் கூறியது உண்மை. பொருளாதாரத் தடை நிலவிய தொண்ணூறுகளில் பெற்றோல் இன்றி மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய மக்கள் நாம். அங்கே பணியாற்றிய காலத்தில் நானும் கையில் கிடைத்த ஒயிலை ஃபோர்க்கில் ஊற்றி ஓடியவன்தான். அது இல்லாமையில் பிறந்த உபாயம். அதற்காக நான் வெட்கப்படவில்லை. ஆனால் இல்லாமை நீங்கிய பின்னும் அந்த உபாயத்தையே மருந்தென்று பிள்ளைகளுக்குக் கற்பிப்பது தவறு என்பதே என் கருத்து. குண்டும் குழியுமான அந்த வீதிகளில் நாம் 40 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டியது அரிது. இங்கே ஊருக்கு வெளியேயுள்ள சாதாரண வீதியில் 100 வரை செல்ல அனுமதி உண்டு. வேகம் இரண்டரை மடங்கானால், பிறேக் அடக்க வேண்டிய இயக்க ஆற்றல் ஆறு மடங்குக்கும் மேலாகிறது.

குருமடத்தில் தத்துவம் கற்பித்த ஆசான்கள் காரணத்தையும் அறிகுறியையும் பிரித்தறியப் பழக்கினார்கள். அந்தப் பழக்கம் இங்கும் உதவும். ஃபோர்க்கினுள் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஒயில் எடையைத் தாங்குவதில்லை. ஸ்பிரிங் எத்தனை விரைவாக அமுங்கி மீள வேண்டும் என்பதை மட்டுமே அது கட்டுப்படுத்துகிறது. ஸ்பிரிங் தளர்ந்திருக்கையில் தடித்த ஒயிலை ஊற்றினால், முன்பகுதி மெதுவாக அமிழும். ஆனால் பிறேக்கைத் தொடர்ந்து பிடித்தால் முன்பு சென்ற ஆழத்துக்கே சென்றுவிடும். அடுத்தடுத்து மேடுபள்ளம் வந்தாலோ, ஃபோர்க் முழுமையாக மீள்வதற்குள் அடுத்த அடி விழும். அடிமட்டத்தைத் தொட்டுவிட்ட ஃபோர்க்கினால் ரயரை வீதியோடு ஒட்டி வைத்திருக்க இயலாது. பிறேக்கின் பெரும்பங்கைச் சுமக்கும் முன் ரயர் பிடியை இழந்தால் விளைவு என்ன என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. ஸ்பிரிங்கின் மேல் கட்டை வைத்து உயர்த்துவதும் முழுத் தீர்வன்று. வண்டி உயர்ந்து நிற்கும். ஸ்பிரிங்கின் வலு கூடாது.

"இந்த வண்டிகள் பிறவியிலேயே மென்மையானவை" என்று சிலர் வாதிடுவர். அதில் பாதி உண்மை உண்டு. எண்ணெயால் தணிக்கப்படும் தொலைநோக்கி வடிவ ஃபோர்க்கை 1935இல் ஆர் 12 வண்டியில் சந்தைக்குக் கொண்டு வந்த பி.எம்.டபிள்யூ. நிறுவனம், 1955 முதல் ஏர்ள்ஸ் வகை ஃபோர்க்குக்கு மாறியது. பிறேக் பிடித்தால் அதன் முன்பகுதி அமிழாமல் சற்று எழும். 1969இல் பெர்லினில் தயாரிக்கத் தொடங்கிய /5 வரிசையில் 200 மில்லிமீற்றருக்கும் மேல் அசையும் தொலைநோக்கி ஃபோர்க் மீண்டும் வந்தது. அதன் மென்மையான அசைவைக் கண்டு ஜேர்மானியர் அவ்வண்டிகளை "ரப்பர்ப் பசு" என்று கேலி செய்தனர். ஆகவே மென்மை அங்கே வடிவமைப்பாளரின் விருப்பம். ஆனால் விரும்பி அமைத்த மென்மை வேறு, முதுமையால் வந்த தளர்ச்சி வேறு. இரண்டையும் பிரித்துக் காட்டுவது அளவுகோல்.

அளப்பது எளிது. முன் சக்கரத்தை நிலத்திலிருந்து உயர்த்தி, ஃபோர்க் முழுமையாக நீண்டிருக்கையில் வெளித்தெரியும் குழாயின் நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் வழமையான உடையோடும் தலைக்கவசத்தோடும் ஏறி அமருங்கள். இருவர் வண்டியைப் பிடிக்க, மற்றொருவர் மீண்டும் அளக்கட்டும். வீதி வண்டிகளில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு மொத்த அசைவின் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இருப்பது பொதுவிதி. உங்கள் வண்டியின் கைநூல் வேறு கூறினால் அதையே பின்பற்றுங்கள். ஒயில் எப்போது மாற்றப்பட்டது, சீல் கசிகிறதா, குழாய்கள் நேராக உள்ளனவா என்பவற்றையும் பாருங்கள். ஸ்பிரிங்கை இரு பக்கமும் சோடியாகவே மாற்ற வேண்டும். மேல்மூடி ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் இருப்பதால், முன்பகுதியைத் தாங்கி நிறுத்தாமல் அதைக் கழற்றாதீர்கள். பழக்கமில்லாதவர்கள் வேலை தெரிந்தவரிடம் ஒப்படையுங்கள். அளவுக்கு மீறிய கடினமும் கேடே. கல் பதித்த வீதியில் சக்கரம் துள்ளும்.

"இந்த நாட்டில் ஒரு ஸ்பிரிங்குக்கும் கடதாசி கேட்கிறான்" என்று அந்தத் தந்தை சலித்துக்கொண்டார். ஆபத்து விளைவிக்கக்கூடிய மாற்றம் செய்தால் வண்டியின் இயக்க அனுமதியே அற்றுப்போகும் என்பது இங்குள்ள வாகன ஒழுங்குவிதியின் 19ஆம் பிரிவு. ஆகவே வாங்கும்போதே உங்கள் வண்டிக்குரிய அங்கீகார ஆவணத்தைக் கேட்டுப் பெறுங்கள். பரிசோதகரிடம் காட்ட வேண்டியிருந்தால் காட்டுங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் பரிசோதனையைப் பகையாகக் கருத வேண்டாம். எதிரே வரும் பெண்ணுக்கும், கடவையில் நிற்கும் பிள்ளைக்கும் அது அரண்.

அன்று நான் வண்டிக்கு ஆசீர் வழங்கினேன். பழுது தீரும்வரை ஓட்டுவதில்லை என்ற வாக்கையும் மகனிடம் பெற்றேன். அடுத்த சனிக்கிழமை அளந்தோம். 200 மில்லிமீற்றர் அசைவில் 90 அவன் ஏறி அமர்ந்ததுமே போய்விட்டது. ஆவணமுள்ள புதிய ஸ்பிரிங், உரிய ஒயில், சீல் எல்லாம் மாற்றிய பின் அது 60 ஆயிற்று. எல்லாமாக 200 யூரோவை ஒட்டிய செலவு. தந்தை கைப்பிடியை அழுத்திப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாளும் பிள்ளையை இதிலதானே அனுப்பினன், பாதர்" என்றார். அதற்குமேல் அவரால் பேச இயலவில்லை.

அன்பர்களே, ஆசீர் கேட்டு வாருங்கள். என் கதவு திறந்தே இருக்கிறது. வருமுன் அளந்துவிட்டு வாருங்கள். தெரிந்த பழுதை அப்படியே விட்டுவிட்டுக் கடவுளிடம் காவல் கேட்பது விசுவாசம் ஆகாது.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை