கையசைத்தால் போதுமா? - ஸ்டார் வார்ஸ் உலகின் அடையாள அட்டைகள்

1977-ல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில் ஒரு காட்சி. ஊருக்குள் நுழையும் லூக்கை மறித்துப் பேரரசின் சிப்பாய்கள் அடையாள அட்டை கேட்பார்கள். பக்கத்தில் இருக்கும் ஓபி-வான் லேசாகக் கையை அசைப்பார். அவ்வளவுதான், விட்டுவிடுவார்கள்! சின்ன வயதில் கைதட்டி ரசித்தேன். இப்போது வேறொன்று தோன்றுகிறது. அந்த வித்தை தெரியாதவன் என்ன செய்வான்?

பதில், பிறகு வந்த தொடர்களில் இருக்கிறது. (பார்க்காதவர்கள் மன்னிக்க, கதையைச் சொல்லப் போகிறேன்.) அங்கே அட்டைக்குப் பதில் 'செயின் கோட்'. ஒரு ஆள் யார், என்ன வயது, யாருடைய பிள்ளை என்பதெல்லாம் அதற்குள். 'தி மாண்டலோரியன்' தொடரில் (2020-ல் வந்த இரண்டாம் சீசன்) போபா ஃபெட் தன் கவசத்தில் பதிந்திருக்கும் கோடைக் காட்டி, அது தன் அப்பாவுடையது, இனித் தனக்குத்தான் சொந்தம் என்று நிரூபிக்கிறான். நல்ல விஷயம்தானே?

ஆனால் 2021-ல் வந்த 'தி பேட் பேட்ச்' தொடரைப் பாருங்கள். குடியரசு போய்ப் பேரரசு வந்த கையோடு, எல்லோரும் செயின் கோட் வாங்க வேண்டும் என்கிறார்கள். வாங்கினால்தான் பழைய பணத்தைப் புதுப் பணமாக மாற்றலாம், வேறு கிரகத்துக்குக் கப்பல் ஏறலாம். மக்கள் தாங்களாகவே வந்து வரிசையில் நிற்கிறார்கள். பி.காம். படிக்கும் எனக்கு இந்த இடம்தான் சுருக்கென்றது. பையில் இருக்கும் பணம் செல்லாது என்றால் யார்தான் பெயர் கொடுக்க மாட்டார்கள்?

கட் லாக்வேனால் கொடுக்க முடியாது. அவர் போர் வேண்டாம் என்று படையை விட்டு ஓடிவந்து, மனைவி, இரண்டு குழந்தைகளோடு விவசாயம் பார்க்கும் மனிதர். பதிவு செய்தால் மாட்டிக்கொள்வார், செய்யாவிட்டால் தப்பிக்க முடியாது. கடைசியில் நண்பர்கள் செய்து கொடுத்த போலிக் கோடுதான் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறது.

"எல்லாம் பாதுகாப்புக்காக" என்பார்கள். 2022-ல் வந்த 'ஆண்டோர்' தொடரில் காஸியன் ஆண்டோரைப் பேரரசின் உளவுத்துறை சல்லடை போட்டுத் தேடுகிறது. அவனோ கீஃப் கிர்கோ என்ற பொய்ப் பெயரில் அதே பேரரசின் சிறையில்தான் இருக்கிறான்! ஏமாற்றத் தெரிந்தவன் எப்படியோ நழுவிவிடுகிறான். ஒழுங்காக வரிசையில் நிற்பவன்தான் முழுசாகப் பதிவாகிறான்.

அட்டையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வங்கிக் கணக்குக்கு கேஒய்சி ஏன் அவசியம் என்று பரிட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவன்தான் நானும். ஆனால் என்னுடையதை என்னுடையது என்று காட்ட நான் நீட்டும்வரைதான் அது என் அட்டை. அது இல்லாமல் சோறும் இல்லை, பயணமும் இல்லை என்று ஆக்கிவிட்டால், அது கொடுத்தவனின் அட்டை. என் பையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஒவ்வொரு செக்போஸ்ட்டிலும் ஓபி-வான் பக்கத்தில் நிற்பாரா என்ன?