சுமந்து வந்த நால்வர்



மும்பை தாராவியில் எங்கள் சபையின் மூத்த விசுவாசியும் என் அருமை நண்பருமாகிய சகோதரர் ஒருவர் 2019இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவருடைய பெயரை எழுத வீட்டார் விரும்பவில்லை. ‘படிவம் எழுதுகிற அண்ணன்’ என்றால் எங்கள் பகுதியில் போதும்.

நாங்குநேரிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்து, கட்டடங்களுக்கு வர்ணம் பூசியவர். 1998இல் சாரம் சரிந்து விழுந்ததில் முதுகுத் தண்டுவடம் நசுங்கி, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் அற்றுப்போயின. அப்பொழுது அவருக்கு வயது 31.

நடக்க முடியாமை ஒன்றே இந்தப் பாடு என்று பார்ப்பவர்கள் எண்ணுகிறார்கள். மலமும் சிறுநீரும் தன் வசத்தில் இராது. தோலில் சூடு பட்டாலும் தெரியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப்புண் எலும்புவரை குழிந்துவிடும். 21 ஆண்டுகளில் அவருக்குப் பெரும்புண் வந்தது ஒரேயொரு முறைதான். இரவு பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் நாலுக்கும் அவருடைய மனைவி எழுந்திருந்தார். நம்முடைய கூட்டங்களில் இப்படிப்பட்டவை சாட்சியாக எண்ணப்படுவதில்லை. ஏனென்று எனக்கு விளங்கவில்லை.

எழுதப் படிக்கத் தெரியாத நம் ஜனங்களுக்கு ரயில் முன்பதிவுப் படிவம், ரேஷன் அட்டை விண்ணப்பம், ஊருக்கு அனுப்பும் மணியார்டர் யாவையும் படுக்கையிலிருந்தே எழுதிக்கொடுப்பார். கூலி வாங்கமாட்டார். எழுதி முடித்ததும், “வீட்டில் எல்லாரும் சுகந்தானே?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு அழுதவர்கள் அநேகர். படிவத்திற்காக வந்தவர்கள் ஜெபத்தோடு திரும்பினார்கள்.

தெய்வீக சுகத்தை நாங்கள் விசுவாசிக்கிறோம். அவருக்காக உபவாசித்தோம், எண்ணெய் பூசி ஜெபித்தோம். சரீர சுகம் வரவில்லை. ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த ஊழியர் ஒருவர், விசுவாசம் இருந்தால் எழுந்திருப்பார், மறைவான பாவமே தடை என்று கூட்டத்தின் நடுவில் சொல்லிவிட்டார். சபை தலைகுனிந்தது. அண்ணனோ அவருடைய கையைப் பிடித்து, “ஐயா, தங்களுக்கு முழங்கால் வலி இருப்பதைக் கவனித்தேன். அதற்காக நான் ஜெபிக்கலாமா?” என்றார். கேலியாக அல்ல, கண்ணீரோடு ஜெபித்தார்.

மாற்கு 2ஆம் அதிகாரத்தைக் கவனித்து வாசியுங்கள். கப்பர்நகூமில் கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரன் வாய்திறந்து ஒரு வார்த்தை பேசியதாக எழுதப்படவில்லை. உனக்கு விசுவாசம் உண்டா என்று அவனை ஒருவரும் கேட்கவுமில்லை. சுமந்து வந்தவர்களுடைய விசுவாசத்தை ஆண்டவர் கண்டார். 1954இல் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று யார் சொல்லத் துணிவார்?

எங்கள் சபை அந்நாட்களில் ஒரு தோல் பட்டறைக்கு மேலே கூடிவந்தது. ஏணிபோல் செங்குத்தான இரும்புப் படி. ஞாயிறுதோறும் வாலிபர் நால்வர் அண்ணனை நாற்காலியோடு தூக்கிவருவார்கள். அவர்களில் ஒருவர் துபாய்க்குப் போனார். ஒருவர் திருமணமாகி நவி மும்பைக்குக் குடிபோனார். பிழைக்க வந்த ஊரில் இது சகஜம், அவர்களைக் குறைசொல்ல இடமில்லை. ஆனால் நால்வர் இருவரானபோது அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டார். “ஜெபிக்கிறோம், அண்ணே” என்று சொல்ல ஆள் இருந்தது. நாற்காலியின் மற்ற இரண்டு காலைப் பிடிக்க ஏழு மாதம் ஆள் அமையவில்லை.

அப்பொழுது எங்கள் போதகர், “கூரையைப் பிரிக்கவேண்டாம், சபை கீழே இறங்கினால் போதும்” என்று சொல்லி, ஞாயிறு மாலை ஆராதனையை அண்ணன் வீட்டுச் சந்திலேயே ஆரம்பித்தார். முப்பது பிளாஸ்டிக் நாற்காலிகளே கொள்ளும் இடம். அதுவரை சபைக்கு வந்திராத அயலகத்தார் தங்கள் வாசற்படிகளில் உட்கார்ந்து கேட்டார்கள்.

2023இல் சபைக்குத் தரைத்தளத்தில் இடம் பார்த்தோம். வாடகை மாதம் நாலாயிரம் ரூபாய் கூடுதல். “அண்ணன்தான் இப்பொழுது இல்லையே, மாடியே போதாதா?” என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். போதகர் பதில் சொல்லாமல் முன்பணத்தை எண்ணிக்கொடுத்தார். இப்பொழுது பக்கவாதத்தால் ஒரு கால் இழுத்துக்கொண்ட பாட்டி ஒருவர், பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு வாரந்தோறும் வருகிறார். வாசலுக்கு அருகிலுள்ள முதல் நாற்காலி அவருக்கு.