முன்சில்லை ஈந்த இளைஞர்

வெற்றிமாலை ஒருவர் கழுத்திலேயே விழுகின்றது. அதனைத் தொடுத்த கைகள் எத்தனை என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பிரான்சு தேசத்தில் 1903ஆம் ஆண்டு தொடங்கிய 'தூர் த பிரான்ஸ்' என்னும் துவிச்சக்கரவண்டிப் பந்தயம் இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

இப்பந்தயம் ஏறக்குறைய மூன்று வாரம் நீடிப்பது. முதலிடத்திற்குரிய மஞ்சட் சட்டை ஒருவருக்கே உரியது. ஓடுவோரோ குழுக்களாகவே ஓடுகின்றனர். காரணம் காற்று. சமநிலத்தில் விரைந்து செல்பவரின் வலிமையிற் பெரும்பகுதி காற்றை எதிர்ப்பதிலேயே செலவாகின்றது. முன்செல்பவரை ஒட்டிப் பின்செல்பவருக்கோ அவ்வுழைப்பிற் காற்பங்கேனும் மிச்சமாகும். ஆதலின் துணைவர் முறைமாறி முன்னே சென்று தலைவரைக் காக்கின்றனர், தண்ணீர் கொணர்கின்றனர், அவர் விழுந்தால் காத்து நிற்கின்றனர். இவர்களைப் பிரெஞ்சுக்காரர் 'வீட்டு ஏவலாளர்' எனப் பொருள்படும் சொல்லால் அழைப்பர்.

1934ஆம் ஆண்டுப் பந்தயத்திற் பிரெஞ்சுக் குழுவின் அந்தோனின் மாஞ் முன்னணியில் நின்றார். பிரனீஸ் மலையிறக்கம் ஒன்றில் அவர் விழுந்தார், முன்சில்லு பழுதாயிற்று. அக்குழுவைச் சேர்ந்த றெனே வியெற்றோ என்னும் 20 வயது இளைஞர் தமது முன்சில்லைக் கழற்றிக் கொடுத்தார். மாஞ் விரைந்து சென்றார். இளைஞரோ, உதவி வண்டி வருமளவும் வீதியோரத்துக் கற்சுவரில் அமர்ந்து கண்ணீர் விட்டார். அந்தப் புகைப்படம் உலகெங்கும் புகழ்பெற்றது. மறுநாளும் மாஞ்சின் வண்டி பழுதுற்றது. முன்னே சென்றுகொண்டிருந்த வியெற்றோ, வந்த வழியே மலையேறித் திரும்பிச் சென்று மீண்டும் உதவினார்.

அச்சில்லைக் கொடாதிருந்தால் வியெற்றோவே வென்றிருப்பார் என்று பலர் கூறுவதுண்டு. கணக்கு அதனை ஒப்பவில்லை. முடிவில் அவர் 5ஆம் இடத்தில், மாஞ்சுக்கு 59 நிமிடம் பின்னே நின்றார். தொடக்கத்துச் சமநிலக் கட்டங்களிலேயே அவர் பெரிதும் பின்தங்கிவிட்டார். மேலும், தூர் வரலாற்றில் முதன்முறையாக அவ்வாண்டு, ஒவ்வொருவரும் தனித்தனியே நேரத்தோடு போட்டியிடும் ஓட்டம் ஒன்று நடைபெற்றது. அங்கே துணைவர் எவரும் உதவ இயலாது. அதனையும் மாஞ்சே வென்றார். துணைவர் அவரைப் பந்தயத்தில் நிலைநிறுத்தினர்; வென்றது அவருடைய காலின் வலிமை.

இதன் மறுபக்கத்தை வியெற்றோவே பின்னாளிற் கண்டார். 1947இல் மஞ்சட் சட்டையைப் பல நாள் அணிந்திருந்தவர், 139 கிலோமீற்றர்த் தனியோட்டத்தில் அதனை இழந்தார். மீண்டும் 5ஆம் இடம். தூரில் முதலிடம் அவருக்கு என்றுமே கிட்டவில்லை.

ஈகையைப் போற்றுவதற்காக வென்றவரின் உழைப்பை நாம் குறைத்துப் பேசவேண்டியதில்லை. கொடுத்தவர் வென்றிருப்பார் என்று கற்பிக்கவும் வேண்டியதில்லை. 20 வயதில், பிறர் வெற்றிக்காக வீதியோரத்தில் தங்கிவிடுவது எளிதன்று. அக்கண்ணீரே அதற்குச் சான்று. தம்பியின் படிப்பிற்காகத் தம் படிப்பை நிறுத்திய தமையன்மாரும் தமக்கைமாரும் நம் குடும்பங்களிற் பலர். பட்டம் பெறும் மாணவர் தம் உழைப்பிற்காகப் பெருமை கொள்ளட்டும், அது தகும். அன்று மாலை வீடு திரும்பியதும், தமக்குச் சில்லு ஈந்தவர் யாவர் என்பதையும் அவர்கள் வாய்திறந்து சொல்லட்டும்.