பலகை மாட்டிட்டா அது படிப்பு மையமா?



பிளஸ் டூ ரிசல்ட் வந்தா போதும், "வீட்டிலிருந்தே டிகிரி"ன்னு நோட்டீஸ் வந்துடும். பீஞ்சமந்தையில இருந்து மலை இறங்கி, தினமும் வேலூர் கல்லூரிக்குப் போய்த் திரும்புறது லேசுப்பட்ட காரியமா? வேலைக்குப் போய்க்கிட்டே படிக்கிற நம்ம பிள்ளைகளுக்குத் தொலைநிலைக் கல்வி பெரிய வாய்ப்பு. அதை நாம குறை சொல்லவே இல்லை. குறை, நடுவுல பலகை மாட்டி வசூல் பண்ற "சென்டர்" மேலதான்.

2005-இல் யஷ்பால் வழக்கில், சத்தீஸ்கரில் புற்றீசல் போல முளைத்த தனியார் பல்கலைக்கழகங்களுக்கு வழிவிட்ட சட்டப்பிரிவுகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஒரு மாநிலம் சட்டம் போட்டு, எல்லை தாண்டி இன்னொரு மாநிலத்தில் மையம் நடத்த அனுமதி கொடுக்க முடியாது என்றும் சொன்னது. அப்புறமும் கடைகள் மூடினதா? இல்லை.

2017 நவம்பர் 3 தீர்ப்பு இன்னும் கடுமை. நம்ம சேலம் விநாயகா மிஷன் உட்பட நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் முறையான அனுமதி இல்லாமல் அஞ்சல் வழியில் பொறியியல் பட்டம் கொடுத்த வழக்கு அது. 2001-05 காலத்தில் சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன; மறுபடி தேர்வு எழுதித்தான் மீட்கணும். அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் செல்லாது. கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் சிபிஐ விசாரிக்கவும் உத்தரவு வந்தது. சரி, பணம் திரும்ப வரும். அந்தப் பட்டத்தை நம்பி வேலைக்கும் பதவி உயர்வுக்கும் போனவனோட வருஷம்? அதை யார் திருப்பித் தருவா?

இப்போது யுஜிசி விதிப்படி ஃபிரான்சைஸ் முறையில் மையம் நடத்தக் கூடாது. அங்கீகாரம் பெற்ற கல்லூரிக்குள்தான் கற்றல் உதவி மையம் இருக்கணும். மாநிலப் பல்கலைக்கழகம் மாநில எல்லையைத் தாண்டக் கூடாது. விதி நல்ல விதிதான். ஆனா மலையடிவாரத்துக்கு அது என்ன செய்யுது? கல்லூரி தூரத்துல இருக்கு, பலகை பக்கத்துல இருக்கு. பிள்ளை எங்கே போவான்?

அதனால வழக்கு போட்டு மூடுவது மட்டும் போதாது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், வேலூர் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரியோடு சேர்ந்து, சனி ஞாயிறு வகுப்புகளை ஒடுகத்தூர் அரசுப் பள்ளிக் கட்டடத்திலேயே நடத்தட்டும். விதி இடம் கொடுக்கலைன்னா, மலைப்பகுதிக்கு விலக்கு கேட்டு மாநில அரசு யுஜிசிக்கு எழுதட்டும். அனுமதி இல்லாத மையம் பணம் வாங்கினா, மாணவன் கோர்ட்டுக்கு அலையுறதுக்கு முன்னாடியே மாவட்ட நிர்வாகம் பூட்டு போடணும்.

இளைஞரணித் தம்பிகளே, யாராவது கட்டணம் கேட்டா, அந்தப் பல்கலைக்கழகம், அந்தப் படிப்பு, அந்த வருஷம், மூணுமே யுஜிசி தொலைநிலைக் கல்விப் பிரிவோட இணையதளப் பட்டியலில் இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க. பல்கலைக்கழகத்துக்கு நேரடியாப் பணம் கட்டச் சொல்லுங்க, சென்டர்காரர் கையில வேண்டாம். சந்தேகமான நோட்டீஸ் கிடைச்சா போட்டோ எடுத்து கிளை நிர்வாகிக்கு அனுப்புங்க.

#ஒடுகத்தூர் #தொலைநிலைக்கல்வி